கடற்கரை முதல் விடுதி வாசல் வரை: பூந்தமல்லி வழியில் ஒரு பயண வரலாறு

சென்னைக்குக் கூட்டமாக வந்து இறங்குவோரைத் தங்குமிடத்தில் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு, விமானம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே தொடங்கியது. அந்த வரலாற்றில் பூந்தமல்லிக்கு இரண்டு முறை முக்கிய இடம் கிடைத்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கப்பலில் வந்த படையினர் கடற்கரையிலிருந்து நடந்து போய்த் தங்கிய ஊர் அது. இன்று மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து மேற்குப் புறநகரின் விடுதிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் திருமண மண்டபங்களுக்கும் போகும் வண்டிகள் தொட்டுச் செல்லும் ஊரும் அதுவே. இடைப்பட்ட காலத்தில் சத்திரம், ஜட்கா, ஓட்டல் வண்டி, விமான நிறுவனப் பேருந்து, வாடகை வேன், மெட்ரோ என ஏற்பாடுகள் மாறிக்கொண்டே வந்தன. வருகிற கூட்டத்தைப் பிரிக்காமலும் பேரத்தில் சிக்கவைக்காமலும் கொண்டுசேர்க்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி மட்டும் எல்லாக் காலத்திலும் இருந்தது.

பட்டணத்துக்கு மூத்த ஊர்

சென்னைப்பட்டணம் உருவாவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பூந்தமல்லி இருந்தது. ராமானுஜரின் ஆசான்களில் ஒருவரான திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் இது. இங்கிருந்து காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்கு அவர் பூக்கைங்கரியம் செய்தார் என்பது வைணவ மரபு. ஊரின் நடுவில் வரதராஜப் பெருமாள் கோயிலும் அருகில் வைத்தீஸ்வரன் கோயிலும் உள்ளன. காஞ்சிபுரத்திலிருந்து கடற்கரைக்கு வரும் பாதையில் அமைந்ததால், யாத்திரிகரும் வணிகரும் தங்கிப் போகும் இடமாக ஊர் வளர்ந்தது.

1639இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டை கட்ட நிலம் கேட்டபோது, இந்தக் கடற்கரைப் பகுதி தாமர்ல வேங்கடப்ப நாயக்கரின் ஆளுகையில் இருந்தது. அவருடைய தம்பி ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்துகொண்டு கடற்கரைப் பகுதியை நிர்வகித்தார். ஆகவே பூந்தமல்லிக்கும் கடற்கரைக்கும் இடையிலான பாதை, புனித ஜார்ஜ் கோட்டையைவிடப் பழமையானது. கோட்டை எழுந்த பின் பாதையின் பயன் மாறியது. உள்நாட்டிலிருந்து கடலை நோக்கி வந்தவர்களின் வழி, கடலிலிருந்து உள்நாட்டுக்குப் போகிறவர்களின் வழியாகவும் ஆயிற்று.

அலையைக் கடந்து அணிவகுப்பு

19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி வரை சென்னைக்குப் பாதுகாப்பான துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு எட்டாத தூரத்தில் நங்கூரமிட்டன. பயணிகளையும் சரக்கையும் மசூலா படகுகள் கரைக்குக் கொண்டுவந்தன. அந்தப் படகில் ஆணி என்பதே இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, இடைவெளிகளை நார் வைத்து அடைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலை மோதும்போது பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுத்துத் தப்பும். படகுத் தலைவனான தண்டேலின் குரலுக்கு ஏற்பத் துடுப்பு வலித்து, பெரிய அலை எழும் தருணம் பார்த்து அதன் முதுகில் ஏறிக் கரை சேர்வார்கள். யாரும் கடலில் விழுந்தால் தூக்குவதற்காகக் கட்டுமரங்கள் கூடவே வரும்.

கரையில் கால் வைத்த உடனே புதிதாக வந்தவரை, மொழிபெயர்த்துத் தரகு பேசும் துபாஷிகளும் பல்லக்குத் தூக்கிகளும் சூழ்ந்துகொண்டனர். முன்பு வேலை செய்த துரைமார் கொடுத்த நற்சான்றுக் கடிதங்களை நீட்டி, வீடு பார்த்துத் தருவது முதல் வேலையாள் அமர்த்துவது வரை எல்லாவற்றையும் தாமே செய்வதாகத் துபாஷிகள் சொன்னார்கள். தனியாக வந்தவர் இவர்களை நம்பித்தான் நகருக்குள் போக வேண்டியிருந்தது. ஊர் தெரியாதவர், விலை தெரியாதவர், மொழி தெரியாதவர் என்ற மூன்று நிலையும் ஒன்றாகச் சேரும் இடம் அது.

படைப்பிரிவாக வந்தவர்களுக்கு அந்த நிலை இல்லை. இங்கிலாந்திலிருந்து வந்த அரசுப் படையினருக்கும் புதிதாகச் சேர்ந்த வீரர்களுக்கும் பூந்தமல்லியில் தங்குமுகாம் இருந்தது. கோட்டையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 13 மைல் தூரம். வெயிலுக்கு முன் ஊர் சேரும்படி அதிகாலை இருட்டிலேயே நடையைத் தொடங்குவது அக்காலப் படைகளின் வழக்கம். மூட்டைமுடிச்சுகளையும் நோயாளிகளையும் மாட்டுவண்டிகள் ஏற்றிச் சென்றன. பல மாதக் கடற்பயணத்தில் உடல் தளர்ந்தவர்கள், இந்த வெயிலுக்கும் தண்ணீருக்கும் பழகும்வரை பூந்தமல்லியில் தங்கினர். பிறகு பெங்களூர், பெல்லாரி என்று தத்தம் பாசறைகளுக்குப் பிரிந்து போயினர். நோயுற்ற வீரர்கள் தேறுவதற்கான ஓய்விடமாகவும் பூந்தமல்லி இருந்தது.

கூட்டத்தைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை அங்கே படை நிர்வாகம் முழுமையாக ஏற்றது. வண்டி, சோறு, கூரை ஆகிய மூன்றும் முன்னதாகவே ஏற்பாடாகியிருந்தன. தனிப் பயணி கடற்கரையில் பட்ட சிரமம் படைவீரனுக்கு இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான். இந்த வேறுபாடு பிற்காலத்திலும் தொடர்ந்தது.

ரயிலடியும் சத்திரமும்

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து ஆற்காடு திசையில் வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. தண்டவாளம் ஆவடி, திருவள்ளூர் வழியே சென்றது, பூந்தமல்லியைத் தொடவில்லை. மெட்ரோவைத் தவிர, இன்று வரை ஊருக்கு ரயில் நிலையம் இல்லை. படைகளும் சரக்கும் ரயிலுக்கு மாறவே, தங்குமுகாமின் தேவை குறைந்தது. மேற்குப் புறநகரில் ஆவடியும் அம்பத்தூரும் ரயிலால் வளர்ந்த ஊர்கள். பூந்தமல்லி சாலையை நம்பியே நின்ற ஊர்.

1873இல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. நகருக்குள் வருவோரின் வாசல் கடற்கரையிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையின் கிழக்கு முனைக்கு நகர்ந்தது. மலபார், பம்பாய், மைசூர் திசைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் அங்கேதான் இறங்கினர். அவர்களுக்காக எழுந்ததே, நிலையத்துக்கு எதிரே சவலை ராமசாமி முதலியார் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கட்டிய சத்திரம். தெருவைக் கடந்தாலே தங்குமிடம், வண்டியே தேவையில்லை. இறங்குமிடத்துக்கும் தங்குமிடத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தையே இல்லாமல் செய்த இந்த ஏற்பாடு, யாத்திரைக் கூட்டங்களுக்குப் பெரும் உதவியாக இருந்தது.

அதற்கு அப்பால் போக வேண்டியவர்களுக்கு ஜட்காவும் மாட்டுவண்டியும் கைரிக்‌ஷாவும் இருந்தன. ஜட்கா, வைக்கோல் பரப்பிய தட்டில் ஏறி உட்கார்ந்து, பின்பக்கம் பெட்டிகளை அடைத்துக்கொண்டு போகும் குதிரைவண்டி. பாரம் பின்னே சாய்ந்தால் குதிரை தூக்கிக்கொள்ளும் என்பதால் பெரியவர்களை முன்னே நகர்ந்து உட்காரச் சொல்வது வண்டிக்காரரின் முதல் வேலை. ஒரு குடும்பத்துக்கு ஒரு வண்டி போதாதபோது இரண்டு, மூன்று வண்டிகள் பேச வேண்டியிருந்தது. பேரமும் அத்தனை முறை நடந்தது. மவுண்ட் ரோட்டின் பெரிய ஓட்டல்கள் தங்கள் விருந்தினர்களை அழைத்துவரச் சொந்த வண்டிகளை ரயிலடிக்கு அனுப்பின. கட்டணம் அறைக் கணக்கில் சேர்ந்துவிடும். வாசலில் பேரம் கிடையாது. வசதியுள்ள சிலருக்கு மட்டுமே அது கிடைத்தது.

ஓட்டல்காரரின் விமானம்

சென்னையில் விமானத்துக்கும் ஓட்டலுக்கும் உள்ள உறவு முதல் விமானத்திலேயே தொடங்கிவிட்டது. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ், சிம்சன் நிறுவனத்தின் பட்டறையில் ஒரு விமானத்தைக் கட்டுவித்து, 1910இல் தீவுத்திடலில் மக்கள் முன் பறந்து காட்டினார். 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தை ஓட்டிவந்தார். அதை அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். அதில் வந்தது தபால் மட்டுமே.

பயணிகளுக்கான முனையம் மீனம்பாக்கத்தில் 1954இல் எழுந்தது. அதே 1954இல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில், எழும்பூருக்கு அருகே, கே. சீதாராம ராவ் தாசப்பிரகாஷ் ஓட்டலைத் திறந்தார். சைவச் சாப்பாடு, பெரிய கூடங்கள், குடும்பத்தோடு தங்க அறைகள், திருமண வசதி என்று கூட்டமாக வருவோரை மனத்தில் வைத்து அமைந்த ஓட்டல் அது. சத்திரத்தின் சமையலும் நவீன ஓட்டலின் அறையும் ஒன்றாகக் கிடைத்ததால் நடுத்தரக் குடும்பங்கள் அதை நாடி வந்தன. நெடுஞ்சாலையின் சென்ட்ரல், எழும்பூர், பெரியமேடு பகுதி முழுக்க லாட்ஜுகளும் மெஸ்களும் பெருகின. ரயிலடிக்கு நெருக்கமாக இருப்பதே அவற்றின் பலம். விமானத்தில் வந்தவருக்கு அந்த நெருக்கம் கிடைக்கவில்லை; நகரின் தென்மேற்கு ஓரத்திலிருந்து அவர் கிண்டி, சைதாப்பேட்டை கடந்து உள்ளே வர வேண்டும்.

ஒரு விமானம், ஒரு பேருந்து

1953இல் எட்டு தனியார் நிறுவனங்களை இணைத்து இந்தியன் ஏர்லைன்ஸ் தொடங்கப்பட்டது. அன்றைய உள்நாட்டுச் சேவைகளில் டக்கோட்டாக்களே அதிகம். அந்த விமானத்தில் இருபத்தைந்து பேர் அளவில்தான் உட்கார முடியும். ஒரு விமானத்தின் பயணிகள் ஒரு பேருந்துக்குள் அடங்கிவிட்டார்கள். அக்காலத்தில் உலகின் பல நகரங்களிலும் விமான நிறுவனங்களே நகர அலுவலகத்துக்கும் விமான நிலையத்துக்கும் இடையே பேருந்து விட்டன. இந்திய நகரங்களிலும் அந்த வழக்கம் இருந்தது. பயணி நகர அலுவலகத்தில் இறங்கி அருகிலுள்ள ஓட்டலுக்குப் போவார். பெட்டிக்கும் ஆளுக்கும் ஒரே நிறுவனம் பொறுப்பு. படை நிர்வாகம் பூந்தமல்லிக்கு வீரர்களை அழைத்துச் சென்ற முறையின் குடிமை வடிவம் என்றே அதைச் சொல்லலாம்.

ஜெட் விமானங்கள் இந்த முறையைக் கலைத்தன. 1970களில் இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் 737 விமானங்களையும் பிறகு ஏர்பஸ் ஏ300 விமானங்களையும் ஓட்டியது. ஒரே நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர், பெரிய விமானமானால் இருநூறைத் தாண்டியவர்கள் வெளியே வந்தனர். அவர்கள் போக வேண்டிய இடங்களும் நகரெங்கும் சிதறிக் கிடந்தன. ஒரு பேருந்தால், ஒரு நகர அலுவலகத்தால் அவர்களுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. கறுப்பு மஞ்சள் டாக்சியும் ஆட்டோவும் அந்த இடத்தைப் பிடித்தன. முன்பணம் கட்டிச் சீட்டு வாங்கும் டாக்சி முகப்பு, பேரத்தைக் குறைக்க வந்த ஒரு முயற்சி.

மின்ரயில் இன்னொரு வழி. கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931இல் மின்ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. விமான நிலையத்துக்கு நேர் எதிரே பிற்காலத்தில் திரிசூலம் நிலையம் வந்தது. ஜி.எஸ்.டி. சாலையின் அடியில் சுரங்கப்பாதை வழியே நடந்தால் ரயில். எழும்பூருக்கும் கடற்கரைக்கும் சில ரூபாய்தான் கட்டணம். கைப்பையோடு வருபவருக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. ஆளுக்கு இரண்டு பெட்டியோடு பத்துப் பேர் இறங்கினால், காலை, மாலை நெரிசலில் ஏற முடியாது. பூந்தமல்லிக்குப் போகிறவருக்கோ அந்த ரயில் வேறு திசை.

வேன்களின் காலம்

1980களிலிருந்து கூட்டமாக வருவோரின் வண்டி என்றால் வேன்தான். மெட்டடோரும், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு வேனும் முதலில் வந்தன. பிறகு டாடா சுமோ, டெம்போ டிராவலர், குவாலிஸ், இன்னோவா என்று வரிசை நீண்டது. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேலைக்குப் போனவர்கள் ஊர் திரும்பும்போது, அழைத்துவர உறவினர் ஒரு வேன் நிறைய வருவது தமிழ்நாடு முழுதும் வழக்கமாயிற்று. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து வேன்கள் பூந்தமல்லியைக் கடந்துதான் மீனம்பாக்கம் போயின. விமானம் தாமதமானால் காத்திருக்கும் நேரத்துக்குச் சாப்பாடு, டீ, தூக்கம் எல்லாம் நெடுஞ்சாலையோரக் கடைகளில் நடந்தன.

இந்தத் தொழிலுக்கென்று கைத்திறன் உண்டு. பெட்டிகளைக் கூரைக் கேரியரில் ஏற்றும்போது கனமானவை நடுவிலும் முன்னாலும் போகும், அட்டைப்பெட்டிகள் மேலே. நான்கு மூலையிலும் கயிறு இழுத்துக் கட்டி, மழைக்காலமானால் தார்ப்பாய் போர்த்துவார்கள். டிவி பெட்டி மட்டும் உள்ளே, யாராவது ஒருவர் மடியில் வரும். முன்சீட்டில் வழி தெரிந்த பெரியவர் உட்காருவார். வாடகை கிலோமீட்டர் கணக்கில் பேசப்படும்; ஓட்டுநர் பேட்டா தனி, சுங்கமும் நிறுத்தக் கட்டணமும் தனி. இவை மூன்றையும் முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்வது அனுபவசாலிகளின் வழக்கம்.

ஆட்டோவில் விதிப்படி ஏறக்கூடியவர் மூவர். 2013 ஆகஸ்டில் சென்னையில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று கட்டணம் திருத்தப்பட்டது. காரில் நால்வர். எட்டுப் பேர் குழு இரண்டு காரிலோ மூன்று ஆட்டோவிலோ பிரிந்தால், முகவரி தெரிந்தவர் ஒரு வண்டியில், பணம் வைத்திருப்பவர் இன்னொன்றில் என்ற நிலை வரும். செயலி வழி வாடகைக் கார்கள் பேரத்தைப் பெருமளவு போக்கின. குழு பிரியும் சிக்கல் நீடித்தது. 2022 டிசம்பரில் மீனம்பாக்கத்தில் பல அடுக்கு வாகன நிறுத்தகம் திறந்த பின், அந்தக் கார்கள் அங்கிருந்து பயணிகளை ஏற்றின. முனைய வாசலிலிருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டு நடந்து, மின்தூக்கியில் ஏறி வண்டியை அடைவது முதியோருக்கும் குழந்தைகளோடு வருவோருக்கும் கூடுதல் பாடு.

பரங்கிமலை–பூந்தமல்லி சாலை

விமான நிலையத்திலிருந்து பூந்தமல்லிக்கு நேர்வழி, கத்திப்பாராவில் திரும்பும் பரங்கிமலை–பூந்தமல்லி சாலை. நந்தம்பாக்கம், ராமாபுரம், போரூர், ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம், குமணன்சாவடி வழியே போனால் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பாசறைகளை இணைத்த இந்தச் சாலை, கடந்த முப்பது ஆண்டுகளில் வெளியூர்க் குழுக்களின் முதன்மை வழியாக மாறியதற்கு மூன்று காரணங்கள் உண்டு. போரூரில் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவமனை வளர்ந்து, வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் நோயாளிகளைக் குடும்பத்தோடு ஈர்த்தது. நந்தம்பாக்கத்தில் வர்த்தக மையம் வந்ததால் கண்காட்சிக் குழுக்கள் வந்தன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகின. கொரியாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் பொறியாளர்கள் குழுவாக வந்தனர். நிறுவனங்கள் தங்கள் பேருந்துகளையும் வேன்களையும் விமான நிலையத்துக்கு அனுப்பின. முகப்பில் பெயர்ப்பலகை ஏந்தி நிற்கும் ஓட்டுநர், அங்கே பொறுப்பேற்ற நிறுவனத்தின் அடையாளம்.

2008இல் கத்திப்பாரா மேம்பாலமும் 2017இல் போரூர் மேம்பாலமும் திறக்கப்பட்டன. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை, பூந்தமல்லிக்கு அருகே நசரத்பேட்டையில் பெங்களூர் நெடுஞ்சாலையைச் சந்திக்கிறது. சாலைகள் கூடியும், விமான நிலைய வாசலிலிருந்து பூந்தமல்லிக்குப் பெட்டி வைக்க இடமுள்ள நேரடிப் பொதுப் பேருந்து நிலையான ஏற்பாடாக அமையவில்லை. பிராட்வேயிலிருந்து வரும் 54ஆம் எண் பேருந்தைக் கிண்டிப் பகுதியில் பிடிக்கலாம். தாம்பரத்திலிருந்து வரும் 66ஆம் எண் பேருந்தைப் பல்லாவரத்தில் பிடித்துக் குன்றத்தூர், மாங்காடு வழியாக வரலாம். இரண்டுமே அன்றாட வேலைக்குப் போகிறவர்களின் பேருந்துகள். பெட்டி படுக்கையோடு வரும் குழுவுக்கு அவற்றில் இடமில்லை.

சாலைக்கு அடியிலும் மேலும்

2015 ஜூன் 29 அன்று ஆலந்தூருக்கும் கோயம்பேட்டுக்கும் இடையே சென்னை மெட்ரோ ஓடத் தொடங்கியது. 2016 செப்டம்பரில் அது விமான நிலையத்தைத் தொட்டது. 2017 மே 14 அன்று திருமங்கலம் முதல் நேரு பூங்கா வரை சுரங்கப்பாதை திறந்தது. 2018 மே மாதம் எழும்பூரும் சென்ட்ரலும் சேர்ந்தன. பச்சையப்பன் கல்லூரி, கீழ்ப்பாக்கம், நேரு பூங்கா நிலையங்கள் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் அடியில்தான் இருக்கின்றன. பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலை என்று பெயர் மாறிய அந்த வழியின் லாட்ஜுகளுக்கு, விமானத்தில் வந்த கூட்டம் முதல்முறையாக ஒரே வண்டியில், ஒரே கட்டண விகிதத்தில், நெரிசல் விளக்குகளில் நிற்காமல் வர முடிந்தது.

மேற்குப் புறநகருக்கு அந்த வசதியைத் தருவது மெட்ரோவின் இரண்டாம் கட்டம். கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி புறவழிச்சாலை நான்காம் வழித்தடம் சுமார் 26 கிலோமீட்டர். வடபழனி, ஆழ்வார்திருநகர், ஆலப்பாக்கம், போரூர் வழியே உயர்பாதையில் பூந்தமல்லியை அடைகிறது. பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் இடையே 2025 மார்ச்சில் சோதனை ஓட்டம் நடந்தது. ரயிலே வராத ஊரில் தண்டவாளத்தில் வண்டி ஓடியது அப்போதுதான். மாதவரம்–சோழிங்கநல்லூர் ஐந்தாம் வழித்தடம் ஆலந்தூரையும் ஆலப்பாக்கத்தையும் இணைக்கிறது. இரண்டும் முழுமையாக ஓடும்போது விமான நிலையம்–பூந்தமல்லி பயணம் ஆலந்தூர், ஆலப்பாக்கம் மாற்றங்களோடு தண்டவாளத்திலேயே முடியும். பெட்டியோடு வண்டி மாறுவது எளிதாக அமையுமா என்பது மின்தூக்கிகளின் அளவையும் நடைமேடைகளுக்கு இடைப்பட்ட தூரத்தையும் பொறுத்தது.

பரந்தூரை நோக்கி

சென்னைக்கு இரண்டாம் விமான நிலையம் பரந்தூரில் அமையும் என்று 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. விளைநிலங்களும் ஏரிகளும் பறிபோகும் என்று ஏகனாபுரம் உள்ளிட்ட கிராமங்களின் மக்கள் தொடர்ந்து எதிர்த்து வருகிறார்கள்; அவர்களுடைய கேள்விகளுக்கு நேர்மையான பதில் கிடைக்க வேண்டும். திட்டம் நிறைவேறினால், பரந்தூரில் இறங்குவோர் நகருக்குள் வரும் வாசல் பூந்தமல்லியாகவே இருக்கும். நான்காம் வழித்தடத்தைப் பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வழியாகப் பரந்தூர் வரை நீட்டும் திட்டமும் வகுக்கப்பட்டிருக்கிறது.

கடற்கரையில் படை நிர்வாகமும், ரயிலடியில் ஒரு கொடையாளரும், டக்கோட்டா காலத்தில் விமான நிறுவனமும் பொறுப்பேற்ற இடங்களில் வந்தவர்கள் நிம்மதியாகத் தங்குமிடம் சேர்ந்தார்கள். யாரும் பொறுப்பேற்காத இடங்களில் துபாஷி முதல் ஆட்டோ வரை பேரமே வழிகாட்டியது. மெட்ரோ நிலையங்களிலிருந்து விடுதி வாசல் வரை, பெட்டிகளுக்கு இடமுள்ள சிற்றுந்துகளை எழுதி ஒட்டிய கட்டணத்தில் இயக்கும் பொறுப்பை அரசு இப்போதே ஏற்க வேண்டும். பூந்தமல்லிக்கு மெட்ரோ வருகிற இந்தக் காலமே அதற்கு ஏற்ற காலம்.